அக்காவின் கணக்கில் தம்பியின் கட்டுரை

போன வாரம் தேர்வுக்குழுவின் மின்னஞ்சலைப் படித்துவிட்டு மடிக்கணினியைப் பட்டென்று மூடிய பெரியவள், அதற்குப் பிறகு வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூடி வைத்தால் மறைந்துபோகிற சமாசாரமா அது?

குழந்தைகள் நல ஆராய்ச்சி நிறுவனத்தின் அடுத்த இயக்குநர் யார் என்பதில் இரண்டே பேர்தான் மிச்சம். அதில் அவளும் ஒருத்தி. அந்த நேரம் பார்த்தா இது வர வேண்டும்?

‘உங்கள் பெயரில் உள்ள கட்டுரைகளில் ஒன்று, படங்களில் முறைகேடு இருந்ததால் ஆய்விதழால் திரும்பப் பெறப்பட்டதாகத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை நேர்காணலில் விளக்கம் தர வேண்டும்.’

அவள் எழுதாத கட்டுரை அது. யார் எழுதியது என்று துப்புத் துலக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. தலைப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கூடப் பிறந்த தம்பி எழுதியது.

இந்தக் குழப்பத்தின் வேர் அப்பா. “ஒரு எழுத்தைச் சொல்லிக் கத்தினா ரெண்டும் ஓடி வரணும்” என்று பெண்ணுக்கும் பையனுக்கும் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயராகத் தேடித் தேடி வைத்தவர் அவர். வீட்டில் பெரியவள், சின்னவன் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டதால் அந்த அழகான பெயர்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் பயன்பட்டன. ஆனால் ஆய்விதழ்களில் அப்பாவின் பெயர் முழுதாகவும், பிள்ளையின் பெயர் வெறும் முதலெழுத்தாகவும் அச்சாகும். அக்கா கைக்குழந்தைகளின் நிமோனியா பற்றி எழுதினாள். தம்பி மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி எழுதினான். யார் என்ன எழுதினார்கள், அதை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று கணக்கு வைக்கிற இணையதளத்துக்கு இரண்டு பேரும் ஒரே ஆள்.

கணக்குக் குழம்பினால் குழம்பட்டும். சின்னவன் படத்தில் பித்தலாட்டம் செய்தானா? இந்த ஒரு கேள்விதான் அவளை அரித்தது. போனைக் கையில் எடுப்பாள், பிறகு வைத்துவிடுவாள். கேட்டு, அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

இப்படியே நாளைத் தள்ளித் தள்ளி, வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது.

காலையில் சாப்பாட்டு மேஜையில் அப்பா வழக்கம்போல அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். மற்றவர்கள் விளையாட்டு ஸ்கோர் பார்ப்பதுபோல அவர் மகளின் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்ப்பார். பார்ப்பதோடு விட்டால் பரவாயில்லை. லிஃப்டில் கூட வருகிறவர், முடி வெட்டுகிறவர், பால் போடுகிறவர் என்று ஒருவர் விடாமல் பிடித்து நிறுத்திச் சொல்லவும் செய்வார்.

“நேத்தைக்கு மேல இன்னிக்கு ஏறியிருக்கு கண்ணு! இந்த வேகத்துல போனா...”

“அப்பா, காபி ஆறுது.”

“ஆறட்டும். ஆமா, இதுல ஒண்ணுக்கு மேல மட்டும் சிவப்பா என்னமோ போட்டிருக்கே? பரிசு கிரிசு ஏதாவதா?”

பெரியவள் ரொட்டியை அப்படியே தட்டில் வைத்தாள். “ஒண்ணும் இல்லப்பா. கம்ப்யூட்டர் கோளாறு.”

எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு அவள் கிளம்பிய வேகத்தை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் கணவர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். விஷயம் தெரிந்த ஒரே ஆள். சிக்னலில் வண்டி நின்றதும் மெதுவாக ஆரம்பித்தார்.

“தம்பியோடதுன்னு சொல்லிடேன். உள்ளதைத்தானே சொல்லப் போறே?”

“சொன்னா அவன் பொழப்புல மண்ணு விழும். தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல இப்பதான் போய் ஒட்டியிருக்கான். ஏமாத்துக்காரன்னு பேர் வந்தா அங்கயும் வெச்சுக்க மாட்டாங்க.”

“சொல்லலைன்னா உன் வேலை போயிடும்.”

“என்கிட்ட எங்க இருக்கு, போறதுக்கு? கிடைக்காது. அவ்ளோதான்.”

“அவ்ளோதான்னு சொல்ற மூஞ்சியா இது?” என்றார் அவர். “ஊருக்கெல்லாம் கண்ணு பார்க்கிறவன்டி நான். எனக்கே பூச்சாண்டி காட்டாதே.”

அவள் சிரிக்கவில்லை. பச்சை விழுந்தது.

நேர்காணல் அறையில் நீளமான மேஜை. அதன் நடுவில் குழுத்தலைவி. ஒரு காலத்தில் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். இன்றைக்கும் ஆளைப் பார்க்கும்போது எங்கே கத்தி வைக்கலாம் என்று பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். அவருக்குப் பக்கத்தில் நிறுவனத்தின் நூலகர். சுவரில் இருந்த திரையில் பெரியவளின் கட்டுரைகள் வரிசையாகத் தெரிந்தன.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது அவளுக்குப் பேர் வாங்கித் தந்த கட்டுரை. மருத்துவரே இல்லாத சிற்றூர்களில், காய்ச்சலோடு வரும் குழந்தையின் மூச்சை எண்ணித்தான் நிமோனியாவா இல்லையா என்று சுகாதாரப் பணியாளர்கள் முடிவு செய்கிறார்கள். குழந்தை வீறிட்டு அழும்போது எண்ணினால் கணக்குத் தப்பும். அழுகை ஓய்ந்து, அம்மா மடியில் அது அடங்கிய பிறகு எண்ணினால் எவ்வளவு பிசகு குறைகிறது என்று நான்கு நாடுகளில் ஊர் ஊராகப் போய், தரையில் உட்கார்ந்து பார்த்து எழுதியது.

“இதை நான் படிச்சிருக்கேன்” என்றார் குழுத்தலைவி. “இதைப் படிச்சுட்டு எங்க வார்டுல எண்ணுற முறையையே மாத்தினோம். இதுல பேச்சே இல்ல. எனக்கு உறுத்துறது கீழே இருக்கிற இதுதான்.”

சிவப்பு எழுத்து. திரையில் பார்க்கும்போது இன்னும் பெரிதாக இருந்தது.

“இது என்னோடது இல்லைங்க.”

“உங்க பேர்தானே போட்டிருக்கு?”

“எழுத்து ஒண்ணுதான். ஆள் வேற.”

நூலகர் தலையை ஆட்டினார். “கிருமி ஆராய்ச்சி, மேடத்தோட துறை இல்லதான். அந்த வேற ஆள் யாருன்னு தெரிஞ்சா ஆதாரத்தோட இப்பவே பிரிச்சுடலாம். தெரியலைன்னா இணையதளத்துக்காரங்களுக்கு எழுதிப் போட்டுட்டு உக்காந்திருக்கணும். ஆடி அசைஞ்சு பதில் வர மாசக்கணக்காகும்.”

“இன்னிக்குச் சாயந்திரம் நான் முடிவு சொல்லியாகணும்” என்ற குழுத்தலைவி, பெரியவள் பக்கம் திரும்பினார். “அந்த ஆள் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லலாம். ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“தெரியும்.”

“யாரு?”

“அவரைக் கேக்காம அவர் பேரைச் சொல்ல எனக்கு மனசு வரலைங்க.”

நூலகர் பேனாவைக் கீழே வைத்தார். குழுத்தலைவி அவளை ஏற இறங்கப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு, அவள் எதிர்பார்க்காத மாதிரி, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

“அப்போ கேட்டுட்டு வாங்க. நாங்க டீ குடிச்சுட்டு இருக்கோம்.”

வெளியே வந்து, நடைபாதையில் நின்று போனைத் துழாவினாள். அவசரத்தில் பையின் ஜிப் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள்.

“விடு, பிய்ச்சுடப் போறே” என்றது ஒரு குரல்.

சின்னவன்! சுவரோரம் போட்டிருந்த இரும்பு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். ஆய்வகத்து வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தான். அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் அப்பா.

“நீ எப்படிடா இங்க?”

“அப்பா போன் பண்ணாரு.”

“பின்னே பண்ணாம?” என்றார் அப்பா. “கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்றே, தின்ன ரொட்டியைப் பாதியில வெச்சுட்டு ஓடறே. எனக்கே காது குத்தப் பாக்கறியா? அந்தச் சிவப்புக்குக் கீழே தலைப்பைப் படிச்சேன். கிருமின்னு இருந்துது. குழந்தைதானே உன் டிபார்ட்மென்ட், கிருமி இவனோடதாச்சேன்னு இவனைக் கேட்டேன். இருக்கிற இடத்துலேர்ந்து அப்படியே கிளம்பி வந்துட்டான்.”

பெரியவள் தம்பியைப் பார்த்தாள். ஒரு வாரமாகத் தொண்டையில் நின்ற கேள்வி. இனி விழுங்க முடியாது.

“நீ பண்ணியாடா?”

“எதை?”

“அந்தப் படத்தை.”

அவன் முகம் சட்டென்று மாறியது. சின்ன வயதில், செய்யாத தப்புக்கு அடி வாங்கும்போது வருமே, அந்த முகம்.

“அக்கா... நீயா என்னை அப்படி நினைச்சே?”

“எனக்கு என்னடா தெரியும்? நீ எதைத்தான் சொன்னே?”

அந்த வழியாக ஒரு நர்ஸ் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அது முனை திரும்பும் வரை சின்னவன் காத்திருந்து, தாழ்ந்த குரலில் சொன்னான்.

“அதைத் திரும்பப் பெறச் சொல்லி ஜர்னலுக்கு எழுதினதே நான்தான்.”

“என்னது?”

“பேப்பர் வெளியாகி நாலஞ்சு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. ரெண்டு வேற வேற சோதனைன்னு போட்டிருந்த படம் ரெண்டும் ஒண்ணேதான். ஒண்ணைத் தலைகீழாத் திருப்பி ஒட்டியிருக்காங்க. பேராசிரியர்கிட்ட போய் நின்னேன். எல்லாரும் பண்றதுதான், கண்டுக்காதேன்னாரு. சோதனையைத் திரும்பப் பண்ணிப் பார்த்தேன். அந்த மருந்து அந்தக் கிருமியை ஒண்ணும் பண்ணலக்கா. அதை நம்பி எவனாவது ஒரு நோயாளிக்குக் குடுத்துட்டா? அதுக்கு மேல சும்மா இருக்க முடியல. எழுதிட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? கான்ட்ராக்ட் முடிஞ்சுது, கிளம்புன்னுட்டாரு.”

நல்ல இடத்தை விட்டுவிட்டு இவன் தண்ணீர் பரிசோதிக்கப் போனபோது, ‘உனக்குக் கால்ல சக்கரம்டா, ஒரு இடத்துல உருப்படியா இருக்க மாட்டே’ என்று திட்டித் தீர்த்தவள் அவள்தான். அவன் சாலட்டில் இருந்த வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

“என்கிட்ட சொல்றதுக்கு என்னடா?”

“எப்படிச் சொல்றது? அப்பா போன் பண்றப்போ எல்லாம், அக்காவுக்கு இத்தனை ஏறிச்சு, அத்தனை ஏறிச்சுன்னுவாரு. அதுக்கு நடுவுல நான் போய், ‘எனக்கு ஒண்ணு வாபஸ் ஆச்சுப்பா’ன்னு சொல்லவா?”

பெரியவளுக்குச் சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. எது முதலில் என்று தெரியாமல் தம்பியின் தோளில் பொத்தென்று ஒரு அடி வைத்தாள்.

“லூசு! ஒரு வாரமா செத்துச் செத்துப் பொழைச்சிருக்கேன்டா! நீ திருடிட்டியோ, திருடிட்டியோன்னு...”

“வலிக்குதுக்கா.”

“வலிக்கட்டும்!”

இன்னொரு அடியும் வைத்தாள். அதற்குள் கண் நிறைந்துவிட்டது. ஒரு வாரமாக நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்த கல் எப்போது இறங்கியது என்றே அவளுக்குத் தெரியவில்லை. பதவி கிடைக்குமா, கிடைக்காதா என்பதுகூட அந்த நிமிஷத்தில் மறந்துபோயிருந்தது.

அப்பா தொண்டையைச் செருமினார். “நீ எதுவும் திருடலைல்ல?”

“இல்லப்பா.”

“அப்போ எதுக்குடா திருடன் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறே? நான் கிரேன்ல தூக்கின பெட்டி ஒரு பக்கமா ஆடினா, இறக்கிக் கீழ வெச்சுடுவேன். கப்பல்காரன் கத்துவான். கத்திட்டுப் போகட்டும். அதுக்காக வீட்டுக்கு வந்து உங்கம்மாகிட்ட மறைச்சேனா என்ன?”

சின்னவன் அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு அக்காவிடம் சொன்னான்.

“உள்ள போய் என் பேரைச் சொல்லுக்கா. இல்ல, இரு. நானே வரேன்.”

குழுத்தலைவி அவன் சொன்னதை ஒரு தடவைகூடக் குறுக்கிடாமல் கேட்டார். நூலகர் அந்த ஆய்விதழின் அறிவிப்பைத் திரையில் கொண்டுவந்தார். கட்டுரையின் ஆசிரியர்கள் தரப்பிலிருந்து வந்த வேண்டுகோளின்படிதான் திரும்பப் பெறப்பட்டது என்று அதிலேயே இருந்தது. சிவப்பைப் பார்த்த அவசரத்தில் அந்த வரியை யாரும் படிக்கவில்லை. பெரியவளும்தான். பயம் கண்ணை மறைத்துவிட்டது.

“எங்க ஆஸ்பத்திரியில இந்த மாதிரி ஒருத்தர் இருந்திருந்தா சில விஷயங்கள்ல நாங்க தப்பிச்சிருப்போம்” என்றார் குழுத்தலைவி. நூலகர் பக்கம் திரும்பினார். “பிரிங்க சார்.”

நூலகர் பிரிக்க ஆரம்பித்தார். இது அக்கா, இது தம்பி, இது அக்கா, இது தம்பி. பாகப்பிரிவினைபோல ஒவ்வொன்றாக இரண்டு பக்கமும் போனது. சண்டை மட்டும் இல்லை. சின்னவன் ஆரம்பத்தில் எழுதிய கட்டுரை ஒன்று, கிருமியைச் சீக்கிரம் இனம் காண்கிற ஒரு முறை பற்றியது, உலகமெல்லாம் நன்றாக ஓடியிருந்தது. அதுவும் அவன் பக்கம் போய்ச் சேர்ந்தது. எல்லாம் முடிந்தபோது பெரியவளின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது.

குழுத்தலைவி திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “இது குறையும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்ங்க.”

“போட்டியில இருக்கிற இன்னொருத்தருக்கு இப்போ உங்களைவிட அதிகம்.”

“தெரியும்ங்க” என்றாள் மறுபடியும். அவள் சொன்ன விதத்தில், இறுக்கிப் பிடித்த செருப்பைக் கழற்றிவிட்டவளின் சுகம் இருந்தது.

குழுத்தலைவி அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி லேசாகச் சிரித்தார். “சரி, போயிட்டு வாங்க. சாயந்திரம் சொல்றேன்.”

வெளியே அப்பா நிலைகொள்ளாமல் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன ஆச்சு? பிரிச்சுட்டாங்களா?”

“பிரிச்சாச்சுப்பா. எனக்குக் குறைஞ்சுடுச்சு.”

“ஐயையோ! எங்க போச்சு?”

“எங்கயும் போகல. உங்க பையன்கிட்ட இருக்கு.”

அப்பா மகனைப் பார்த்தார். அந்த உயரமான, தோள் குறுகிய, வெள்ளைக் கோட்டுக்காரனை இப்போதுதான் புதிதாகப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

“அப்போ நான் இத்தனை வருஷமா லிஃப்ட்ல போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் அளந்துட்டு இருந்ததுல இவனோடதும் இருந்துதா?”

“இருந்துது மாமனாரே” என்றார் மனைவியை அழைத்துப்போக அப்போதுதான் வந்து சேர்ந்த கண்ணாடிக் கடைக்காரர். “ஒரே டிக்கெட்ல ரெண்டு படம் ஓட்டியிருக்கீங்க.”

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “உன்னை நான் ஒரு நாளும் கேக்கவே இல்லையேடா” என்றார் மகனிடம்.

சின்னவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான்.

சாயந்திரம் வீடு நிரம்பியிருந்தது. கணவர் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு ஒரு பெரிய கேக் பெட்டியோடு வந்தார். “கிடைச்சா கொண்டாட, கிடைக்கலைன்னா ஆறுதலுக்கு. கேக்குக்கு என்ன தெரியப் போகுது?” என்றார்.

போன் அடித்தது. நான்கு பேரும் அதைப் பார்த்தார்களே தவிர யாரும் எடுக்கவில்லை. கடைசியில் அப்பாதான் எடுத்து மகள் கையில் திணித்தார்.

“திங்கட்கிழமை வந்து பொறுப்பு எடுத்துக்கோங்க” என்றது குழுத்தலைவியின் குரல். “எண்ணிக்கையைப் பார்த்துச் சிலர் இழுத்தாங்க. ‘தெரியாது’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தம்மாவுக்கு எண்ணிக்கை குறைஞ்சே இருக்காது, சொல்லலையேன்னு கேட்டேன். கையெழுத்துப் போட்டுட்டாங்க. தம்பியையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. எனக்கு அவர்கிட்ட வேலை இருக்கு.”

பெரியவள் போனை வைத்துவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் முகமே சொல்லிவிட்டது. கணவர் கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டத் தொடங்கினார். அப்பா யாருக்கோ போன் போட்டார். யார் எடுத்தார்களோ, அவருக்கே தெரியாது. விஷயத்தை மட்டும் சத்தமாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

சின்னவன் மட்டும் பால்கனிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

“என்னடா, தரை சுடுதா? உக்காரு.”

“அக்கா, இன்னும் ஒண்ணு சொல்லணும்.” அவன் உட்காரவில்லை. “அந்தப் படம் ரெண்டும் ஒண்ணுதான்னு முதல்ல கண்டுபிடிச்சது நான் இல்ல.”

“பின்னே யாரு?”

“எங்க லேப்ல மைக்ராஸ்கோப்புல படம் எடுத்த பொண்ணு. தான் எடுத்த படம் தனக்குத் தெரியாதான்னு கொண்டுவந்து காட்டினா. அவளும் அந்தக் கட்டுரையில ஒரு ஆசிரியர்தான். அவளுக்கும் வேலை போயிடுச்சு. ஜர்னலுக்கு எழுதினப்போ ரெண்டு பேரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட்டோம்.”

“கெட்டிக்காரியா இருக்காளே! காலையிலேயே அவளைப் பத்தியும் சொல்லியிருக்கலாமேடா.”

“கையெழுத்து அங்க மட்டும் இல்லக்கா.” சின்னவன் அப்பா பக்கம் பார்க்காமல் சொன்னான். “போன மாசம் ரிஜிஸ்டர் ஆபீஸ்லயும் போட்டோம்.”

கேக் வெட்டிய கத்தி பாதியில் நின்றது.

“ரிஜிஸ்டர் ஆபீஸா?” என்றார் அப்பா. “மனை கினை வாங்கினியாடா?”

“மனை இல்லப்பா.”

மனைவிதான் என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. எழுந்தார். யாரையும் பார்க்காமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“அந்தப் பொண்ணு எங்கடா?” என்று மெதுவாகக் கேட்டாள் பெரியவள்.

“கீழதான். உங்கக்கா விஷயம் நல்லபடியா முடியட்டும், அப்புறம் சொல்லுன்னா. இப்பதான் பஸ்ல வந்து இறங்கினா. மேல வரப் பயமா இருக்காம்.”

பெரியவள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பேருந்து நிறுத்தத்து விளக்கடியில், குட்டைக் கூந்தலோடு ஒரு பெண், சின்னப் பெட்டி ஒன்றைக் காலோடு அணைத்து வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றாள்.

“நீ இங்கயே இரு. நான் போய்க் கூட்டிட்டு வரேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, அப்பாவின் அறைக்குள்ளிருந்து அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. தொடர்ந்து எதையோ உதறுகிற சத்தம். மருமகளைப் பார்க்க நல்ல சட்டையாக மாற்றிக்கொள்கிறாரா? இல்லை, கோபித்துக்கொண்டு கிளம்பப் பெட்டி கட்டுகிறாரா?

நின்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. லிஃப்ட் வந்துவிட்டது. ஏறிக்கொண்டாள்.